விமானத்துக்குக் கேட்ட போண்டா எண்ணெய்

விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. ஏறும் ஆசையும் இல்லை. ஆனாலும் ஒன்றே முக்கால் வருஷம் விமானத்துக்காக உழைத்தேன். போண்டாவும் பஜ்ஜியும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கடை கடையாகப் போய்ச் சேகரிக்கும் வேலை. அந்த எண்ணெயை எங்கோ ஒரு பெரிய ஆலையில் சுத்தம் செய்து விமான எரிபொருளோடு கலப்பார்கள். அதனால் ஆகாயத்தில் சேரும் கரி குறையும். பூமி சூடாவது மட்டுப்படும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதை எனக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு விமானம், அதன் வாலில் ஒரு பச்சை இலை. அதே படம் அச்சடித்த பனியன் இரண்டும் கொடுத்தார்கள்.

நான் நம்பினேன். இன்று அதைச் சொல்லும்போது என் மீதே எரிச்சல் வருகிறது. வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா முட்டை லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா ராசிபுரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர். படித்தவன் பார்க்கிற வேலை நாலு பேருக்கு நல்லதாகவும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். சித்திரை மாதத்தில் வெயில் தாங்காமல் கோழிகள் கூண்டுக்குள்ளேயே சாயும். அவற்றைச் சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டு வரும் நாட்களில் அம்மாவுக்குச் சோறு இறங்காது. வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது என்பது எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டிய சங்கதி இல்லை. அதைக் குறைக்கிற வேலையில் நானும் ஒரு கை என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

யாருக்காகக் குறைக்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. பறக்கிறவர்கள் பறப்பதைக் குறைத்துக்கொள்வதாக எனக்குக் கொடுத்த எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இன்னும் அதிகம் பறப்பார்கள். மனசு உறுத்தாமல் பறப்பார்கள், அவ்வளவுதான். அழுக்கு அவர்களுடையது. அதைத் துடைக்கிற துணியை மட்டும் எங்கள் ஊர்த் தள்ளுவண்டிக் கடையில் வந்து கேட்டார்கள். கேட்பதற்கு அனுப்பப்பட்ட ஆள் நான்.

என் பட்டியலில் நாற்பது கடைகள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி நாமக்கல் வரைக்கும். நாமக்கல்லுக்கு வெளியே, லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில் ஒரு தள்ளுவண்டிக் கடை இருந்தது. நடத்துகிறவர் ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண். நான் அக்கா என்று கூப்பிட்டேன். இங்கும் அப்படியே சொல்கிறேன். பண்ணைகளில் கீறல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி வந்து அவர் சுடுகிற முட்டை போண்டாவுக்குக் காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் பட்டறை ஆட்கள் மொய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் நாள் போய், பழைய எண்ணெயை வாங்கிக்கொள்கிறோம் என்றேன்.

"எதுக்குச் சாமி?"

"விமானம் ஓட்டறதுக்குங்கக்கா."

அக்கா வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்த பட்டறை மேஸ்திரியிடம், "ஏனுங்க, கேட்டீங்களா? என்ற போண்டா எண்ணெயில ஏரோப்ளேன் ஓடுதாமா" என்றார்.

மேஸ்திரி வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார். "ஓடட்டும், ஓடட்டும். மேல போறப்ப வெங்காய வாசம் அடிக்குமா, முட்டை வாசம் அடிக்குமாப்பா?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அந்த ரோட்டில் எனக்கு ஏரோப்ளேன் என்று பெயர் விழுந்துவிட்டது. நான் பைக்கை ஸ்டாண்டு போடும்போதே, "ஏரோப்ளேன் எறங்கீருச்சு பாரு" என்று யாராவது கத்துவார்கள்.

அக்கா எண்ணெய் தர மறுத்துவிட்டார். காரணம் எளிமையானது. போண்டா சுட்டுச் சுட்டுக் கறுத்துப்போன எண்ணெய் எதிரே இருக்கிற பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது. லாரியின் அடிப்பலகையில் கரையான் ஏறாமல் இருக்கவும், போல்ட்டை முடுக்குவதற்கு முன்னால் தடவவும் அதை வைத்துக்கொள்வார்கள். பதிலுக்குப் பலகை அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து அக்காவின் அடுப்போரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இவருக்கு விறகுச் செலவில்லை. அவர்களுக்கு எண்ணெய்ச் செலவில்லை. எண்ணெய் ஒரு சொட்டு வீணாகவில்லை. என் படத்தில் வாலில் இலை முளைத்த விமானம் இருந்தது. இந்தப் பட்டறைக்கும் கடைக்கும் நடுவிலே போய்வந்த எண்ணெய் டின் இல்லை.

இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். மாதம் இத்தனை கடை சேர்க்க வேண்டும் என்று எனக்கு மேலே இருந்த மேலாளர் நெருக்கினார். மூன்றாவது முறை எண்ணெயைச் சோதிக்கிற கருவியை எடுத்துக்கொண்டு போனேன். காய்கிற எண்ணெயில் அதை முக்கினால், எண்ணெய் கெட்டிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தது. பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எரிந்தது.

"இது சட்டமுங்கக்கா. இந்த மாதிரி எண்ணெய் கடையில இருந்தா உணவுப் பாதுகாப்பு ஆபீசுல இருந்து வந்து கேப்பாங்க. எங்ககிட்டக் குடுத்தா சர்டிபிகேட் தருவோம். ஒருத்தரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

"மெரட்டறியா?"

"இல்லீங்கக்கா, சொல்றேன்."

"சிரிச்சுட்டே மெரட்டறதுக்குத்தான் காலேசுல சொல்லித் தாராங்களாட்ட இருக்குது" என்றார் அக்கா. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "எங்க, தாளக் கொண்டா" என்றார்.

தாள் இரண்டு பக்கம். முழுதும் ஆங்கிலம். நான்தான் நிரப்பினேன். வரிசையாக இருந்த கட்டங்களில் நானே டிக் அடித்தேன். "இதுல என்ன போட்டிருக்குது?" என்று அக்கா கேட்டார். "எண்ணெய் உங்க கடையோடதுதான்னு போட்டிருக்குதுங்கக்கா, அவ்வளவுதான்" என்றேன். வெயில் நேரம். இன்னும் நாலு கடை பாக்கி இருந்தது. அவர் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதினார். நான் பைக்கை எடுத்தேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கேன் வந்தது. பட்டறையில் அடிப்பலகைக்குத் தடவ எண்ணெய் இல்லாமல், லாரியில் இருந்து வடித்த கழிவு ஆயிலில் டீசல் கலந்து பூச ஆரம்பித்தார்கள். பூசுகிற ஒருவருக்குக் கை முழுக்கக் கொப்பளம். பலகைத் துண்டு கடைக்கு வருவது நின்றது. அக்கா விலைக்கு விறகு வாங்கினார். "உன்ற ஏரோப்ளேனு பச்சையாப் போகுது, என்ற கை செவப்பா வேகுது, பாரு" என்று அந்த ஆள் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். இதை மேலாளரிடம் சொன்னேன். "அது நம்ம கணக்குல வராது தம்பி" என்றார்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அக்கா வழக்கமில்லாமல் எனக்கு உட்கார ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவருடைய மகன் ஆப்பிரிக்காவில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான் என்பது எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்குகள் போகாத தேசம் இல்லை. மூன்று வருஷம் கழித்து மாரியம்மன் நோம்பிக்கு வரப்போகிறானாம்.

"இந்த எண்ணெய் நேரா ஏரோப்ளேனுக்குத்தான் போகுதா?" என்று கேட்டார்.

"நேரா அதுக்குத்தானுங்கக்கா."

"எல்லா ஏரோப்ளேனுக்குமா?"

"எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் கலப்பாங்க."

"ஆப்பிரிக்காவுல இருந்து வாரதுக்கு?"

"அதுக்கும் கலப்பாங்கக்கா."

இந்த மூன்று பதிலிலும் உண்மை கிடையாது. எண்ணெய் ஆலைக்குப் போகும். அங்கே பிரித்து, கொதிக்கவைத்து, வேறொரு பொருளாகவே மாற்றிவிடுவார்கள். போண்டா மாவுத் துகள் ஒன்றுகூட விமானத்தின் பக்கம் போகாது. எந்த விமானத்துக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. இதையெல்லாம் விளக்கத் தொடங்கினால் யாரும் நின்று கேட்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சால்ஜாப்பு வைத்திருந்தேன். நின்று கேட்கிற ஒரு பெண்மணி ஸ்டூல் போட்டுக் கேட்டபோதும் அதே சால்ஜாப்புத்தான்.

அடுத்த வாரம் கேனைத் திறந்தேன். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. அடியில் வண்டல் இல்லை. கருகல் வாசனை கொஞ்சம்தான். வேதியியல் படித்த எவனுக்கும் அங்கேயே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. "இப்படித்தானுங்கக்கா இருக்கோணும்" என்று பாராட்டினேன். அக்கா தலையை ஆட்டினார். போகிற வழியில் இரண்டு கடைக்காரர்களிடம், அந்த அக்கா கேனைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம் என்று பெருமை பேசிவிட்டும் போனேன். அந்த மாதம் நாலு கேனும் அப்படியே வந்தது.

சேலம் போகிற ரோட்டில் எங்கள் கிடங்கு. ஒவ்வொரு கேனிலிருந்தும் சோதனைக்கு ஒரு குப்பி எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பெரிய டேங்கில் ஊற்றுவார்கள். மாதக் கடைசியில் சோதனை செய்கிறபோது அக்காவின் நாலு குப்பிகளும் மாட்டிக்கொண்டன. புது எண்ணெய் கலந்திருக்கிறது என்று முடிவு வந்தது. எங்களிடம் வாங்குகிற பெரிய கம்பெனி அந்த டேங்கையே எடுக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டது.

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. சில இடங்களில் புதுப் பாமாயிலையே பழையது என்று பெயர் மாற்றி விற்கிறார்களாம். பாமாயிலுக்காகக் காட்டை வெட்டுகிறார்கள். அதை ஊற்றி விமானம் ஓட்டினால் எந்தக் கரி குறையும்? அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருட்டைக் கப்பல் கப்பலாகச் செய்கிறவர்கள் எங்கோ இருக்க, தணிக்கைக்கு அந்தக் கம்பெனியின் தமிழ் தெரியாத இரண்டு பேர் சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் வந்து இறங்கி, ஏசிக் காரில் நாமக்கல் வந்து, ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றார்கள். கூட மேலாளர். மொழிபெயர்க்க நான்.

சாயங்காலம் நாலு மணி. பட்டறை ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். வந்தவர்கள் முதல் வேலையாக வண்டியைப் படம் எடுத்தார்கள். எண்ணெய் டின்னை, வாணலியை, அக்காவின் முகத்தை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன கண்ணு இது? கேன் கெட்டுப்போச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"கெடலீங்கக்கா. நல்லா இருக்கறதுதான் பிரச்சின."

"நல்லா இருந்தாப் பிரச்சினயா?"

"புது எண்ணெய் கலந்தீங்களான்னு கேக்கறாங்க."

"ஆமா, கலந்தேன்" என்றார் அக்கா, ஒளிக்காமல். "வேட்டித் துணியில வடிகட்டி, மூணுல ஒரு பங்கு புதுசு ஊத்தித்தான் குடுத்தேன். மேல சனம் உக்காந்திருக்குது. என்ற மவனும் அதுலதான் வாரான். மாவு கருகி அடியில நிக்கற எண்ணெய அதுல ஊத்தி உடச் சொல்றியா? சாமிக்கு வெளக்குப் போடோணும்னா போண்டா சுட்ட எண்ணெயவா ஊத்துவ நீ? அங்க சாமி, இங்க சனம். அதுக்குத்தான் ஊத்துனேன்."

புது எண்ணெய் அவர் கைக்காசு. நாங்கள் ஒரு கேனுக்குக் கொடுத்தது அந்தப் புது எண்ணெயின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வேண்டுமென்றே நஷ்டப்பட்டு மோசடி செய்த ஒருவரை உலகத்தில் அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் மனிதர்கள் பயணம் செய்கிறார்கள் என்பதால் கலந்தாராம் என்றேன். ஒருவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்த சிரிப்பு அது.

"என்னன்னு சொல்றாங்க?" என்று அக்கா கேட்டார்.

"படிவத்துல கலக்கக்கூடாதுன்னு இருக்குதாமுங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. கூட்டத்திலிருந்து யாரோ, "கலப்படமாமா?" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து பத்து மணிக் கூட்டம் பாதியாகிவிட்டது என்று மேஸ்திரி எனக்குப் பிறகு சொன்னார். என்ன கலந்தார், எதற்குக் கலந்தார் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. கார் வந்தது, படம் எடுத்தார்கள், கலப்படம். போண்டாவைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.

கிடங்குக்குத் திரும்பியதும் மேலாளர் கதவைச் சாத்தினார். "தம்பி, ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. நல்லா எடுத்துச் சொல்லியும் அந்தம்மா வேணும்னே கலந்தாங்கன்னு. டேங்க் தப்பிச்சிரும். நாற்பது கடையோட எண்ணெய் அது. ஒரு தள்ளுவண்டி போனாப் போகுது."

"அவங்களுக்கு என்ன ஆகுங்க சார்?"

"நாம புகார் ஒண்ணு உணவுப் பாதுகாப்புக்கு அனுப்பணும். விதி. லைசென்ஸ் போகலாம், போகாமலும் இருக்கலாம். நம்ம கையில இல்ல."

"நான் எடுத்துச் சொல்லலீங்க சார்."

"சொன்னீங்களான்னு யாரு கேட்டா? சொன்னேன்னு எழுதச் சொல்றேன்."

ஒருநாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மத்தியானம். அம்மா வாசலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது பண்ணையில் தீவனம் அரைக்கிற மெஷினில் சிக்கி நசுங்கியவை. கட்டுப் போட்டுக் கொண்டுவந்து விட்ட பண்ணை ஆட்கள் ஒரு தாளில் அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தார். நாலு நாள் கழித்து விடுதியிலிருந்து வந்து நான்தான் படித்தேன். "எச்சரித்தும் கேளாமல் என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று எழுதியிருந்தது. நாங்கள் படித்துப் பார்த்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அன்று பண்ணைக்காரனை என்னவெல்லாம் திட்டினேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். படிக்கத் தெரிந்தவன் படித்துக்காட்டாமல் ரேகை வாங்குவதைவிடக் கேவலம் உண்டா என்று கத்தினேன்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப நீயும் அதே சோலியத்தான் பண்ணீருக்கற" என்றார் அம்மா. வெங்காயத் தோலை முறத்தில் தட்டினார். "அவன் என்ற கைய நசுக்கிப்போட்டு வாங்குனான். நீ சிரிச்சுட்டு வாங்கீருக்கற."

நான் சாப்பிடாமலே கிளம்பிக் கிடங்குக்குத் திரும்பினேன். டேங்க் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினேன். தமிழில் எழுதினேன். படிவத்தில் இருந்த எந்த நிபந்தனையையும் அவருக்கு நான் படித்துக்காட்டவில்லை. கட்டங்களில் டிக் அடித்தது நான். எண்ணெய் நேரே விமானத்துக்குப் போகிறது என்று பொய் சொன்னதும் நான். அதை நம்பித்தான், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அவர் தன் செலவில் புது எண்ணெய் ஊற்றினார். சுத்தமாக வந்த கேனைப் பாராட்டி, மேலும் மூன்று கேன் அப்படியே வர வைத்ததும் நான். என் பட்டியலில் உள்ள நாற்பது கடைகளிலும் இதே மாதிரிதான் கையெழுத்து வாங்கினேன். கீழே பெயர், ஊர், தேதி.

மேலாளர் படிக்கப் படிக்க முகம் சிவந்தது. "கடைசி வரி எதுக்கு? உங்களை யாரு நாற்பதையும் கேட்டது?"

"நெசம் அதுதானுங்க சார்."

"இந்த வரி இருந்தா நாற்பது படிவமும் செல்லாது, தெரியுதா? உங்க நாற்பது மட்டுமா? மத்த பசங்க மட்டும் படிச்சுக் காட்டியா வாங்கினாங்க? மொத்தமும் ஊத்திக்கும்."

"ஊத்திக்கட்டுமுங்க."

"இந்தத் திமிரு எங்கிருந்து வருது உங்களுக்கு? பூமிக்கு நல்லது பண்ற வேலை இது, தம்பி. ஒரு போண்டாக் கடைக்காரிக்காகக் கெடுக்காதீங்க."

"பூமிக்கு நல்லது பண்ணோணும்னா மொதல்ல அந்த ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்திருக்கலாமுங்க சார்" என்றேன். இதைச் சொன்னதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கோபத்தில் வாயில் வந்தது. அவருக்கும் மாதாமாதம் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவர் தாளைத் திருப்பித் தரவில்லை. தருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கொடுக்கும் முன்னாலேயே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. படிவ விவகாரம் வெளியே வராமல் இருக்க, அக்கா ஒப்புக்கொண்டதை ஒதுக்கிவிட்டு, அவருடைய குப்பிகளில் கசிவு ஏற்பட்டுச் சோதனை பிசகிவிட்டதாக எழுதினார்கள். அவருடைய கடை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புக்குப் புகார் போகவில்லை. டேங்க் போய்ச் சேர்ந்தது. நான் சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொண்டதாக எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள். அதை நான் இரண்டு முறை படித்தேன். படித்துவிட்டு, சொந்தக் காரணம் ஒன்றும் இல்லை என்று அந்த வார்த்தைகளைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அக்காவின் கடைக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று நாலு நாளும் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை இலைப் பனியன் இல்லாமல் போனதில் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"எறங்கீருச்சு" என்று மேஸ்திரிதான் ஆரம்பித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எண்ணெய் இல்ல. கேனும் இல்ல. தூக்கிப் போட்டுட்டேன். போ" என்றார்.

"எண்ணெய்க்கு வரலீங்கக்கா. வேலைய உட்டுட்டேன். உங்க பேருல புகார் போகாது. பட்டியல்ல இருந்து உங்க பேர எடுத்துட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எடுத்துட்டாங்களா, தப்பில்லைன்னு எழுதுனாங்களா?"

"எடுத்துட்டாங்கக்கா."

"அப்ப கள்ளின்னுதான நிக்குது." கரண்டியை வாணலி விளிம்பில் தட்டினார். "இங்க காரு போட்டு வந்து, இத்தன பேரு பாக்கப் படம் புடிச்சுட்டுப் போனீங்க. பேர மட்டும் எங்கியோ ஒரு ரூமுக்குள்ள எடுத்தா ஆச்சா? போன வாரம் வரைக்கும் எட்டுப் போண்டா திங்கறவன் இப்ப மோந்து பாத்துட்டுப் போறான். அவங்கிட்ட யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேனுங்கக்கா."

"நீ சொன்னா? உன்ற வார்த்தைக்கு இங்க என்ன மருவாதி இருக்குது?" சட்டென்று அடுப்பைத் தணித்தார். "அந்தத் தாளு இருக்குதா? நான் பேரெழுதுன தாளு?"

என் போனில் நகல் இருந்தது.

"படி."

"இப்பவுங்களா?"

"அன்னிக்கு வெயிலு, உனக்கு அவசரம். இன்னிக்கு உனக்குத்தான் வேலையில்லையே. படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரிப் படி."

மணி நாலு அடித்து, பட்டறைகளில் ரம்பம் நின்றிருந்தது. ஆட்கள் ரோட்டைத் தாண்டி வந்து நின்றார்கள். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் சொன்னேன். சில வரிகளுக்கு எனக்கே அர்த்தம் பிடிபடவில்லை. தடுமாறியபோது, "காலேசு" என்று யாரோ முனகினார்கள். அக்கா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தச் சொல்லி, "அப்படின்னா?" என்று கேட்டார். புது எண்ணெய் கலக்கக் கூடாது என்கிற வரி ஒன்பதாவதாக வந்தது. அதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "இது அன்னிக்கு எங்க போச்சு?" என்றார்.

"நான் படிக்கலீங்கக்கா."

"சத்தமாச் சொல்லு."

"நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டலீங்க."

அடுத்து, நான் எழுதிக் கொடுத்ததையும் படித்தேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று தன் செலவில் ஊற்றினார் என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் பிசிறியது. "அழுதுட்டுப் படிக்காத, ஒண்ணும் வெளங்க மாட்டீங்குது" என்றார் மேஸ்திரி. முழுதும் படித்து முடித்தேன். பிறகு மேஸ்திரி தட்டிலிருந்து ஒரு போண்டாவை எடுத்தார். மோந்து பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு கைகள் நீண்டன.

அக்கா என்னிடம் சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கை நீண்டிருக்காது.

"இந்த மாதிரித் தாளு இன்னும் எத்தன பேருகிட்ட வாங்கீருக்கற?"

"முப்பத்தொம்பது கடைங்கக்கா."

"அவுங்களுக்கெல்லாம் தெரியுமா, அதுல என்ன இருக்குதுன்னு?"

"தெரியாதுங்க."

"அப்பறம் இங்க எதுக்கு நின்னுட்டு இருக்கற? நான் என்ன உன்ற பாவத்தக் கழுவி உடறவளா? போ. அவுங்களுக்கும் இதே மாதிரிப் படிச்சுக் காட்டு. அடிச்சாலும் அடிப்பாங்க, வாங்கிக்க."

நான் போனேன். அந்த வாரமே தொடங்கினேன். சிலர் கேட்டுவிட்டு, அதனாலென்ன, காசு வருகிறது என்றார்கள். சிலர் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் கம்பெனிக்கே போன் போட்டு, உங்கள் பழைய ஆள் வந்து கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். நாலாவது கடையில், ராசிபுரத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூக்கி என் மேல் ஊற்றினார்கள். போனைத் துடைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தேன்.